திரையின் அடியில் ஓடிய தமிழ்

அன்புள்ள முகிலன்,

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணம். மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது என் கையில் மைக்கைத் திணித்து, "மாப்பிள்ளையோட அப்பா ரெண்டு வார்த்தை பேசுங்க" என்பார்கள். உன் தாய்மாமாதான் அதை முதலில் செய்வார், அவரை எனக்குத் தெரியும். நான் பேசினால் மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். யாருக்காகப் பேசுகிறேனோ அவனுக்கு மட்டும் கேட்காது. நீ மேடையிலிருந்து என் உதட்டைப் பார்க்க முயல்வாய், மைக் என் வாயை மறைத்துக்கொண்டிருக்கும். அதனால் மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், எனக்கு மைக் வேண்டாம் என்று. சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எழுதி உன் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் ஷாமினிதான், "அங்கிள், இத மத்தவங்களும் படிக்கட்டும் லா. காது கேக்காத பிள்ளைங்கள வச்சிருக்கிற அப்பா அம்மா எத்தன பேரு இருக்காங்க" என்றாள். உன்னைக் கேட்டேன். "என்னைப் பத்தி நல்லதா எழுதுங்க, போதும்" என்று சிரித்தாய். நல்லதாகத்தான் எழுதப்போகிறேன். கெட்டது ஏதும் வந்தால் அது என்னைப் பற்றியதாக இருக்கும்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் நின்ற பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கும் மேலாக நான் பார்த்த வேலை வீட்டுக் கூரைகளில் டிஷ் மாட்டுவது. கிள்ளான், ஷா ஆலாம், சுங்கை வே, சுபாங் ஜெயா என்று நான் கூரை ஏறாத குடியிருப்புத் தாமான் குறைவு. ஓட்டுக் கூரையில் எங்கே கால் வைத்தால் ஓடு உடையாது என்பது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். டிஷ்ஷைச் சரியான திசைக்குத் திருப்பி, கீழே டீக்கோடர் பெட்டி வழியாக டிவியில் படம் வந்ததும், வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள் "வந்திருச்சு! வந்திருச்சு!" என்று கத்துவார்கள். அந்தக் கத்தலைக் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவேன். மழை பெய்தால் படம் நின்றுபோகும், உடனே எனக்கு போன் வரும். மழைக்கு நான் என்ன செய்ய முடியும்? ஆனாலும் சனம் என்னைத்தான் திட்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஊருக்கே படம் காட்டுகிறவன் என்று கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

உனக்கு எட்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் மயக்கமும் தூக்கமுமாகக் கிடந்தாய். வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் போட்டாய். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாய். இன்னும் கூட்டினாய். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, டிவி கெட்டுப்போச்சு. சத்தமே வரல" என்றாய். உன் அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்து போய் டிவியின் பின்பக்கத்தைத் தட்டினேன். கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். கெட்டது டிவி இல்லை என்று தெரிந்துகொண்டே செய்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதால் செய்தேன். "ஆமாடா, ஸ்பீக்கர் போயிருச்சு. அப்பா அப்புறம் ரிப்பேர் பண்றேன்" என்று ஸ்பீக்கரைக் காட்டிக் கையை ஆட்டிச் சொன்னேன். உனக்குக் காது கேட்காமல் போன பிறகு நான் உன்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு எனக்கு அது பழகிவிட்டது.

நம் ஊரில் தமிழ்ப் படங்களுக்கு அடியில் மலாய் எழுத்து ஓடும். அப்போது நீ தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒரு மலாய் வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து போய்விடும். பிறகு உன்னைக் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் சேர்த்தோம். அங்கே எல்லாம் மலாய். உன் தமிழ் போய்விடக் கூடாது என்று உன் அம்மா தினமும் பத்திரிகையை மடியில் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். நீ மலாயிலும் தேறினாய். ஆனாலும் படத்தில் ஒருவன் மூச்சு விடாமல் ஒரு நிமிஷம் திட்டுவான், கீழே மூன்று மலாய்ச் சொல்தான் வரும். "இவ்வளவு நேரம் வாய் ஆடுதே, இவ்வளவுதானா?" என்று கேட்பாய். காமெடி நிகழ்ச்சிகளுக்கு அந்த மூன்று சொல்லும் கிடையாது. அதனால் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். டிவியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி, உன்னைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். காதில் விழுவதை உனக்குத் தெரியும்படி வாயை நன்றாகத் திறந்து சொல்வேன். நீ ஒரு கண்ணால் படத்தையும் ஒரு கண்ணால் என் உதட்டையும் பார்ப்பாய். வார விடுமுறைதோறும், வருஷக்கணக்கில் அப்படித்தான் பார்த்தோம். அந்தப் படங்களில் யார் முகம் எப்படி இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் உன் முகம்தான்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள், "எவ்ளோ நல்ல அப்பா" என்பார்கள். உன் பெரியப்பா இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவருக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன். படத்தில் அவர்கள் பத்து வரி பேசினால் நான் இரண்டு வரி சொல்வேன். களைப்பாக இருந்தால் ஒரு வரி. "என்ன சொன்னாங்க?" என்று கேட்பாய். "ஒன்னுமில்ல, சும்மா பேசுறாங்க" என்பேன். "ஏன் அழுவுறாங்க?" என்பாய். "அப்புறம் சொல்றேன்" என்பேன். அந்த அப்புறம் வந்ததே இல்லை. சாப்பாட்டு மேசையிலும், கோயிலிலும், சொந்தக்காரர் வீட்டிலும் அப்படித்தான். கைமொழி கற்றுக்கொள்ளச் சொல்லி உன் பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். உன் அம்மா போனாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். உண்மையில் எனக்கு வெட்கம். ஒரு கல்யாண வீட்டில் நீ உன் நண்பனோடு கையால் பேசியபோது எல்லோரும் பார்க்கிறார்கள் என்று உன் கையைப் பிடித்து இறக்கி, "வாயால பேசு" என்று சொன்னேன். உனக்கு அப்போது பதினொரு வயது. நீ அன்று முழுக்க வாயாலும் பேசவில்லை.

சுருக்கிச் சொன்னதோடு நிற்கவில்லை, மாற்றியும் சொன்னேன். நம் படங்களில் காது கேட்காதவன் வந்தால் அவன் சிரிப்புக்குத்தான் வருவான் என்பது உனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியக் கூடாது என்று நினைத்தேன். ஒரு காமெடியில் ஒருத்தன் ஒன்று கேட்க, செவிடன் வேறொன்றைச் சொல்ல, அவன் தலையில் அடி விழும். திரும்பத் திரும்ப அடிப்பார்கள். நம் வீட்டுக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். நான், "அவன் வடையத் திருடிட்டான், அதான் அடிக்கிறாங்க" என்றேன். நீயும் சிரித்தாய். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீயோ அந்த வடைத் திருடன் கதையைப் பல வருஷம் சொல்லிக்கொண்டு இருந்தாய். தீபாவளிக்குக் கூடும் உன் பெரியப்பா பிள்ளைகளிடம் நடித்தே காட்டுவாய். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். உன் நடிப்புக்குச் சிரிக்கிறார்கள் என்று நீ நினைத்தாய்.

பிறகு ஊரில் படம் பார்க்கும் விதமே மாற ஆரம்பித்தது. முதலில் எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சுங்கை வேயில் எனக்குப் பழக்கமான ஓர் அங்கிள், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், டிஷ்ஷைக் கழற்றித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அந்த டிஷ்ஷை மாட்டியதும் நான்தான். "ஏன் அங்கிள், படம் சரியா வரலையா?" என்று கேட்டேன். "படம் நல்லாதான் வருது தம்பி. பார்க்கத்தான் ஆள் இல்ல. மகன் ரூம்ல ஒன்னு பார்க்குறான், மருமக போன்ல ஒன்னு பார்க்குறா, எனக்கும் டேப்லெட் வாங்கிக் குடுத்துட்டாங்க லா. நெனச்ச நேரத்துல பார்க்கலாம், நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கலாம். மழ வந்தாலும் நிக்க மாட்டேங்குது" என்று சந்தோஷமாகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மாதம் நான் மாட்டிய டிஷ்களைவிடக் கழற்றியவை அதிகம். ஒவ்வொரு மாதமும் அப்படியே ஆனது. தியேட்டரில் ஓடும் படம் சில வாரத்திலேயே வீட்டுக்கு வந்துவிடும் என்றானபின் தியேட்டருக்குக்கூடச் சனம் யோசித்துத்தான் போனது. வெள்ளிக்கிழமைப் படத்துக்காகத் தெருவே ஒரே நேரத்தில் டிவியின் முன்னால் உட்கார்ந்த காலம் போய்விட்டது.

கொரோனா பரவி, எம்.சி.ஓ. என்ற நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்தோம். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, சுபாங் ஜெயாவில் கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மற்றவர்களுக்கு அது நோய்க்காலம். உனக்கு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரே மாஸ்க் போட்டுக்கொண்டதால் யார் உதட்டையும் பார்க்க முடியவில்லை. கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவர் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாய். இரண்டு தடவை அப்படி நடந்த பிறகு வெளியே போவதையே விட்டுவிட்டாய். அந்த நாட்களில்தான் உன் சம்பளத்தில் படம் பார்க்கும் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, நம் டிவியில் இணைத்தாய். நான் பழக்கத்தில் நாற்காலியை எடுத்துப்போட்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன். நீ, "வேணாம்பா, எழுத்து வருது" என்றாய். திரும்பிப் பார்த்தேன். படத்தின் அடியில் தமிழ். அவர்கள் பேசுவது அப்படியே, ஒரு சொல் விடாமல், தமிழ் எழுத்தில் ஓடியது. ஒருவன் இழுத்துப் பேசினால் எழுத்தும் இழுத்தது. கெட்ட வார்த்தை சொன்னால் அதுவும் வந்தது. பத்து வயதில் உன் அம்மா மடியில் பத்திரிகையை வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் இதற்காகத்தான் காத்திருந்தது போல நீ படித்தாய். புரியாவிட்டால் நிறுத்திப் படித்தாய். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. என் வேலையை ஊரில் பறித்தது போதாதென்று வீட்டிலும் பறித்துவிட்டதே என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் அதற்குள் என் வேலை போயிருந்தது. எனக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர், இனி ஆள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். கட்டுப்பாடு தளர்ந்து எல்லோரும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது நானும் போவது போல ஏணியை வேனில் கட்டிக்கொண்டு கிளம்புவேன். பூங்கா ஓரமாக வேனை நிறுத்திவிட்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. நல்ல வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவும் என் பழைய 'அப்புறம்'தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ பழைய படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வடைப் படம். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்புக் காட்சி வந்தது. நீ நிறுத்தினாய். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாய். பிறகு என்னைக் கூப்பிட்டாய். திரையில் அந்த ஆள் கையை ஓங்கியபடி நின்றிருந்தான். அடியில், 'டேய் செவிட்டு முண்டம்' என்று எழுதியிருந்தது.

"அப்பா, இவன் வடை திருடலையே" என்றாய்.

நான் குனிந்து இன்னொரு செருப்பையும் மாட்டினேன்.

"இதுக்கா எல்லாரும் சிரிச்சாங்க? பெரியப்பா பசங்களுக்கு இது தெரியுமா?"

"உனக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னுதான்டா..."

"நான் இத அவங்க முன்னாடி நடிச்சுக் காட்டினேன்ப்பா. ஒவ்வொரு தீபாவளிக்கும். செவிடனே செவிடன் காமெடிய நடிக்கிறான்னு சிரிச்சிருக்காங்க. இன்னும் எத்தன படத்துல இப்படி மாத்தினீங்க?"

"ஞாபகம் இல்ல" என்றேன். அது உண்மைதான், அவ்வளவு இருந்தது.

நீ குரலை உயர்த்தி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நான் என்ன தெரிஞ்சுக்கணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க. உங்களுக்கு வேல போனதும் எனக்குத் தெரியும்" என்றாய். "போன வாரம் நம்ம வாசல்ல வேன்ல உக்காந்து மாஸ்க் இல்லாம போன்ல பேசினீங்க. நான் மேல ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். 'காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுண்ணே, வீட்டுல இன்னும் சொல்லல'ன்னு சொன்னீங்க. எனக்குக் காதுதான் கேக்காது."

உன் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "என்னங்க சொல்றான்? எந்த வேல?" என்றாள். அன்று அந்த வீட்டில் எனக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அம்மா திட்டவில்லை. "ரெண்டு மாசமா பூங்காவுலயா உக்காந்திருந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நீ எழுந்து அறைக்குள் போனாய். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை என்பதை அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். உதட்டைப் பார்க்க மறுப்பவனிடம் எதைச் சொல்வது? கடைசியில் ஒரு தாளில் எழுதி உன் கதவுக்கு அடியில் தள்ளினேன். 'நான் செய்தது தப்பு. அந்தப் படங்களை எல்லாம் மறுபடி பார்க்கலாமா? நானும் இன்னும் பார்க்கவில்லை' என்று எழுதினேன். நீ கதவைத் திறந்தாய். "நீங்க பார்க்கலையா?" என்றாய். "டிவிக்கு முதுகக் காட்டிட்டு உக்காந்தா எப்படிடா பார்க்கிறது?" என்றேன். உன் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் என் வாழ்க்கையில் நல்ல நாட்கள். சோபாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பார்க்கும் திசையிலேயே நானும் பார்த்தேன். பழைய படங்கள் ஒவ்வொன்றாக அந்தச் செயலிகளுக்கு வந்துகொண்டிருந்தன. கதாநாயகிக்கு அவ்வளவு பெரிய கண் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு படத்தில் அம்மாவாக நடித்தவர் மகனிடம் வெகுநேரம் பேசி அழுதார். நீ எல்லாவற்றையும் படித்து முடித்து என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இதுக்கு நீங்க 'அழுவுறாங்க'ன்னு ஒரே வார்த்த சொன்னீங்கப்பா" என்றாய். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். வேற்று மொழித் தொடர்களைத் தமிழில் குரல் மாற்றிப் போடுவார்கள், உனக்கு அது எரிச்சல். "வாய் ஒன்னு சொல்லுது, எழுத்து ஒன்னு சொல்லுது, நான் யார நம்புறது?" என்பாய். சில படங்களுக்கு எழுத்து அரைகுறையாக இருக்கும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த ஒரு தொடர் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு காட்சியில் சாப்பாட்டைக் கட்டி வாங்கிவரச் சொல்லி ஒருவன் 'தாப்பாவ் பண்ணிட்டு வா லா' என்றான். அதை அப்படியே எழுத்தில் பார்த்ததும் நீ எழுந்து நின்று கைதட்டினாய். "நம்ம ஆளுங்க வாய் இதுப்பா! எழுத்து இல்லாமலே புரியுது" என்றாய்.

அந்த எழுத்துகளில் பேச்சு மட்டும் வருவதில்லை, சத்தமும் வரும். ஒரு படத்தில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடியில் 'தூரத்தில் ரயில் செல்லும் சத்தம்' என்று வந்தது. நீ நிறுத்தினாய். "அப்பா, நம்ம வீட்டுக்கும் ரயில் சத்தம் கேக்குமா?" என்று கேட்டாய். நம் வீடு கிள்ளான் ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரம். நாம் இங்கே குடிவந்தபோது உனக்குப் பத்து வயது, காது கேட்காமல் போய் இரண்டு வருஷம். அன்றோடு பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. "கேக்கும்டா. கால் மணிக்கு ஒன்னு போகும். இப்பகூட ஒன்னு போச்சு" என்றேன். "வேற என்னெல்லாம் கேக்கும்?" என்றாய். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அம்மா தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பது. சூராவ் தொழுகை இடத்திலிருந்து வரும் பாங்கு. எதிர்வீட்டு நாய் நம் வேனுக்கு மட்டும் குரைக்காமல் இருப்பது. மின்விசிறி இரண்டாம் எண்ணில் வைத்தால் கரகரப்பது. நீ போனை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாய். யாரோ ஒருவர், எந்த ஊரோ, எந்த அறையில் உட்கார்ந்தோ, 'தூரத்தில் ரயில் செல்லும் சத்தம்' என்று தட்டச்சு செய்திருக்கிறார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பிழைப்பைக் கொண்டுபோன அதே தொழிலில்தான் அவரும் வேலை பார்க்கிறார். அவர் கையை ஒரு தடவை பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. என் மகன் என்னிடம் கேள்வி கேட்க அவர்தான் வழி செய்தார்.

வேலைக்கும் நீதான் வழி காட்டினாய். இணைய இணைப்புக்கு ஃபைபர் கேபிள் இழுக்கும் பயிற்சி பற்றிய விளம்பரத்தைக் காட்டினாய். "அம்பத்திரண்டு வயசுல என்னை யாருடா சேர்ப்பா?" என்றேன். "கூரையில ஏறுறவருக்குக் கம்பத்துல ஏறத் தெரியாதா?" என்றாய். வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார். பாதி எனக்குப் புரியவில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் அவர், "அப்புறம் சொல்றேன் அண்ணே" என்றார். அந்தச் சொல் எப்படி வலிக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாடப் பக்கங்களைப் படம்பிடித்து வந்து உன்னிடம் கொடுப்பேன். நீ ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதிக் கொடுப்பாய், ஒன்றையும் சுருக்காமல். முடி போன்ற அந்தக் கண்ணாடி இழையை ஒட்டவைக்கத் தெரியாமல் முதலில் ஒவ்வொன்றாக உடைத்தேன். இப்போது உடைவதில்லை. சுங்கை வே அங்கிள் வீட்டுக்கு ஃபைபர் இழுத்ததும் நான்தான்.

ஷாமினி வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் இருவரும் அவரவர் வீட்டில் ஒரே தொடரை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு, குறுஞ்செய்தியில் பேசிக்கொண்டே பார்த்தீர்கள். அவளுக்குக் காது கேட்கும். ஆனாலும் எழுத்தைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பாள், நீ படிக்கும் வேகத்திலேயே தானும் பார்க்க வேண்டும் என்று. பிரிக்பீல்ட்ஸில் அவள் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனபோது அவள் அப்பா உன்னைப் பார்த்து, "தம்பி என்ன வேல செய்றீங்க?" என்று கேட்டார். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். நீ என் முழங்கையில் கை வைத்து, "நானே சொல்றேன்ப்பா" என்றாய். சொன்னாய், மெதுவாக, தெளிவாக. அவர் ஒரு சொல்லைப் பிடிக்க முடியாமல் மறுபடி கேட்டார். நீ மறுபடி சொன்னாய். அவருக்குப் புரிந்தது. வானம் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷமாக உனக்காக நான் பேசிக்கொண்டிருந்தது உனக்காகவா எனக்காகவா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஷாமினி ஆறு மாதத்தில் கைமொழி கற்றுக்கொண்டாள். நான் இப்போது அவளிடம் கற்றுக்கொள்கிறேன். போன வாரம் 'மன்னிப்பு' என்பதற்குப் பதிலாக வேறு எதையோ காட்டிவிட்டேன் போல, இருவரும் சிரித்தீர்கள். என்ன காட்டினேன் என்று இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை நீங்கள் எனக்கு உடனே சொல்ல வேண்டும், அப்புறம் அல்ல.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் அப்பன் சொல்லாமல் இருக்க மாட்டான். அவள் கஷ்டப்படுவாள் என்று நினைத்து அவளிடம் எதையும் மறைக்காதே. அவள் உனக்காகப் பேச வந்தால், என் கையைப் பிடித்தது போல அவள் கையையும் மெதுவாகப் பிடி. அவளும் களைப்பாள். எல்லாச் சொந்தக்காரர் பேச்சையும் உனக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் சாப்பாடு ஆறிப்போகும், அதைக் கவனி. சண்டை வந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு சண்டை போடுங்கள், முகத்தை மட்டும் திருப்பாதே. நீ முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று மூன்று நாள் அனுபவித்தவன் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை கல்யாணப் புடவை எடுத்துவிட்டுப் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். உன் அம்மா அந்தக் கடை ரசத்தைப் பற்றி ஏதோ சொன்னாள். ஷாமினி சிரித்தாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நீ அவர்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"ஏன்ப்பா எல்லாரும் பார்க்குறாங்க?"

"இவ சிரிச்சாளே, அதான்."

"அவ்ளோ சத்தமா? எப்படி இருக்கும்?"

 நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "நல்ல சத்தம்டா. மொதல்ல ரெண்டு தடவ மூச்ச உள்ள இழுக்குறா, ஸ்டார்ட் ஆகாத மோட்டார்சைக்கிள் மாதிரி. அப்புறம் ஒரேடியா கிளம்புது. நடுவுல மூக்குலேர்ந்து பன்னி மாதிரி ஒன்னு வருது."

"அங்கிள்!" என்று ஷாமினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நீ அந்தக் கைகளை விலக்கினாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நிஜமாவா? மூக்குலேர்ந்தா? இத ஏன் நீ எனக்குச் சொல்லவே இல்ல?" என்று அவளைக் கேட்டாய். "எந்தப் பொண்ணு தானே போய் அதச் சொல்லுவா?" என்று சொல்லும்போதே அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. நீ உள்ளங்கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு, அது எங்கே கிளம்புகிறது என்று பார்த்தாய். மோர் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றார். "கொஞ்சம் இருங்க பாஸ்" என்றேன் நான் அவரிடம்.

உன் அப்பா